கட்டுமரத்துக்குக் கழிவு உண்டா?

சம்பள பில் போடுகிறவரைப் பதினோரு மாதம் ஆபீஸில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிப்ரவரி பிறந்துவிட்டால் மட்டும் பிள்ளையாரைச் சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்கள். உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஓர் அரிசி மண்டிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கடல் கரையை எவ்வளவு தின்கிறது என்று அளக்கிற அரசாங்கத் திட்டம். முட்டுக்காட்டிலிருந்து கடப்பாக்கம் வரை கரையோரமாக அங்கங்கே அளவெடுக்கிற ஆட்கள். மாடியில் நான், ஹெட்கிளார்க் சபாபதி சார், ஒரு மின்விசிறி. விசிறி ஹெட்கிளார்க்குக்கு. எல்லாரும் என்னைக் கூப்பிடுவது ‘பில்லம்மா’. என் சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அப்போது சம்பளக்காரர் தன் வேலைக்காகக் கையிலிருந்து செய்த செலவை அத்தாட்சியோடு காட்டினால், அந்த அளவுக்கு வருமானத்தில் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் வரி. எந்தச் செலவு? அங்கேதான் என் உயிர் போயிற்று. சுற்றறிக்கையை இருபது தடவை படித்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். செலவு வேலைக்காகவே ஆகியிருக்க வேண்டும். வேலை அதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும். ஆபீஸ் அதைத் திருப்பித் தந்திருக்கக் கூடாது. தொழில் சம்பந்தமான புத்தகத்துக்கும், வேலைக்கு ஓட்டுகிற சொந்த வாகனத்துக்கும் தனியாக இடம் உண்டு. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது.

தேசிங்கின் கண்ணாடி

தேசிங்கு முட்டுக்காட்டில் ஓவர்சியர். உடம்பும் பெரிசு, குரலும் பெரிசு. ஒரு பிப்ரவரியில் மாடிப்படி அதிர ஏறிவந்து, கண்ணாடிக் கடை ரசீதை என் மேஜையில் அடித்தாற்போல வைத்தார். மூக்குக் கண்ணாடி வாங்கியிருக்கிறார், அதைக் கழிக்க வேண்டுமாம். “லெவல் பாக்கற கருவில கோடு தெரியலம்மா. இது இல்லாட்டி வேலயே ஓடாது. எழுதிக்க.”

எழுதிக்கொள்ள எனக்கென்ன வலிக்கிறதா? ஆனால் வேலைக்காகவே ஆன செலவா என்று கேட்டாக வேண்டுமே. பார்வை மனுஷனுக்கு இருபத்து நாலு மணி நேரமும் வேண்டியது, வீட்டிலும் அதே கண்ணாடியைத்தானே போட்டுக்கொள்கிறீர்கள், அதனால் இது சொந்தச் செலவுதான் ஓவர்சியர் சார் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “வூட்ல கண்ணாடி போட்டுகினு பாக்கறதுக்கு இன்னாம்மா கீது? அது எல்லாம் கண்ண மூடிகினாலே தெரியுது.”

சீசன் டிக்கெட்

வெளியூர் ஆட்களையாவது சமாளித்துவிடலாம். மேலதிகாரியை? சபாபதி சார் தாம்பரத்திலிருந்து தினம் ரயிலில் வருகிறவர். ஒரு நாள் வெற்றிலையை மென்று முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பன்னிரண்டு மாதத்து ரயில் சீசன் டிக்கெட்டுகளையும் நூலில் கோத்து மாலை மாதிரி நீட்டினார். “ஏம்மா, இதையும் சேர்த்துக்கோ.”

அந்த நாளிலும் சரி, அதற்கப்புறமும் சரி, இதைப் போலக் கஷ்டப்பட்டு நான் எதையும் யாருக்கும் விளக்கியதில்லை. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வருவது வேலை இல்லை சார். ஆபீஸுக்கு வந்தபிறகு, ஆபீஸ் வேலையாக இன்னோர் இடத்துக்குப் போனால்தான் அது வேலைப் பயணம். நீங்கள் தாம்பரத்தில் குடியிருப்பது உங்கள் விருப்பம் என்று சட்டம் நினைக்கிறது. சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. நான் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. டிக்கெட் மாலையைச் சுருட்டி டிராயரில் போட்டுப் பூட்டினார். அப்புறம் விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அப்ப நான் டெய்லி நின்னுகிட்டே ரயில்ல வர்றது காத்து வாங்கறதுக்கா?”

கடப்பாக்கத்து வாகனம்

இனி ஏசுதாசன் கதைக்கு வருகிறேன். மற்றதெல்லாம் தலைவலி. இது ஒன்றுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏசுதாசன் கடப்பாக்கத்தில் ஜூனியர் டெக்னிகல் அசிஸ்டென்ட். அப்பா அம்மா இருவரும் செய்யூர்ப் பக்கம் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கின முதல் ஆள் இவர். இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டு வருஷத்தில் சர்வீஸ் புக்கில் ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லாமல் இருந்தால்தான் நிரந்தரம். புள்ளி விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடலோரப் படியெல்லாம் சேர்ந்ததில் வரி கட்டுகிற விளிம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்தார். அதில் அவருக்குப் பெருமைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலை, காலையிலும் சாயங்காலமும் அலை ஏற்ற இறக்கத்தைக் குறிப்பது. அளவுகோல் நட்டிருந்தது கழிமுகத்துக்கு அக்கரையில், மணல் திட்டில். ஆபீஸில் படகு கேட்டார். ‘ஊழியர் தாமே ஏற்பாடு செய்துகொள்ளவும்’ என்று ஒரு வரியில் உத்தரவு வந்தது. தாமே ஏற்பாடு செய்துகொண்டார். ஏழுமலை என்ற மீனவரிடமிருந்து ஒரு பழைய கட்டுமரத்தை விலைக்கு வாங்கி, அதைத் தள்ள அதே ஏழுமலையை வைத்துக்கொண்டார். கயிறு மாற்றிக் கட்டுவது, உளுத்த மரத்தை எடுத்துவிட்டு வேறு போடுவது எல்லாம் இவர் செலவு.

இதைக் கழிக்கலாமா என்று என் முன்னால் தயங்கித் தயங்கி நின்றார். யோசித்தேன். வேலைக்குப் போகிறார், சொந்தமாக வைத்திருக்கிறார், ஆபீஸ் உத்தரவே போட்டிருக்கிறது. படிவத்தில் ‘வாகனம்’ என்ற கட்டத்தில் ‘கட்டுமரம்’ என்று எழுதினேன். ஆனால் அத்தாட்சி? கயிறு விற்றவனும் மரம் விற்றவனும் பில் கொடுக்கிற ஜாதியா? அதனால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். மரம் தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும், எதற்காக, யார் தள்ளினது, எல்லாவற்றையும் எழுத வேண்டும், அன்றன்றைக்கு ஏழுமலை கைநாட்டு வைக்க வேண்டும் என்றேன். என் ஸ்டாம்பு பேடில் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தனுப்பினேன். அடுத்த மாசம் சந்தைக்கு வந்த ஏழுமலை மாடி ஏறிவந்து, நீலம் பாய்ந்த கட்டை விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்: “யம்மா, தெனம் தெனம் நாட்டு வெச்சி வெச்சி கஞ்சில கை வெச்சா கஞ்சியும் நீலமா பூடுது. இன்னா மருந்து இது?”

என் கழிவு

நடுவில் ஒன்று. குண்டூசி, கோந்து, கார்பன் தாள் எதுவும் மாசத்தில் பத்து தேதிக்கு மேல் எங்கள் ஆபீஸில் இருக்காது. நான் என் காசில் வாங்கித்தான் பில் போடுவேன். வேலைக்காகவே ஆன செலவு, வேலை கட்டாயப்படுத்தின செலவு, ஆபீஸ் திருப்பித் தராத செலவு. சட்டப் புத்தகத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் என்னைப் போட்டுக்கொள்ளலாம். ஆசையாக என் படிவத்தை நானே பூர்த்தி செய்து சபாபதி சாரிடம் வைத்தேன். அவர் சீசன் டிக்கெட்டை இன்னும் மறக்கவில்லை. மேலிருந்து கீழே படித்துவிட்டுப் படிவத்தை மெல்லத் திருப்பித் தள்ளினார்: “எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா உன் சம்பளம் வரி கட்டற அளவுக்கே வரலியே, எதுல கழிப்பே?”

ஆடிட் பார்ட்டி

இரண்டாம் வருஷம் ஆடிட் பார்ட்டி வந்தது. மூன்று பேர், மூன்று டிபன் கேரியர். முதல் இரண்டு நாள் சுண்டல் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அவர்களில் மூத்தவர் ஏசுதாசன் படிவத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. ‘கட்டுமரம்’ என்று வாய்விட்டுப் படித்தார். மற்ற இருவரும் எழுந்து வந்து படித்தார்கள். மூவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.

சிரித்து முடித்துவிட்டு அவர் எழுதியதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. ‘இல்லாத வாகனத்துக்குப் பொய்யாகக் கழிவு கோரியதாகத் தெரிகிறது. வருமான வரி அலுவலகம் நேரில் விசாரிக்க வேண்டும். ஊழியரின் சர்வீஸ் புக்கில் பதிவு செய்யவும்.’ பொய் என்ற வார்த்தை. நிரந்தரமாவதற்கு மூன்று மாதம் இருக்கிறது. ஏசுதாசன் கழிக்கலாமா என்று தயங்கித்தான் கேட்டார். கட்டத்தில் எழுதினது என் கை. சார், தப்பென்றால் என் தப்பு, என் பேரில் எழுதுங்கள் என்று மன்றாடினேன். விசாரணை முடிகிறவரை சர்வீஸ் புக்கைத் தொடாமல் இருக்க மட்டும் ஒப்புக்கொண்டார். டிபன் கேரியரை மூடிக்கொண்டே ஆறுதல் மாதிரி ஒன்று சொன்னார்: “கவலைப்படாதீங்கம்மா, இதே ஒரு சைக்கிளா இருந்திருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேன்.”

இன்ஸ்பெக்டர் அக்கரை போனது

வருமான வரி ஆபீஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். பளபளவென்று ஷூ, கையில் தோல் பை. கோபக்காரராகத் தெரியவில்லை. என்னைப் போலவே அலுத்துப்போனவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். மதுராந்தகம் போய், பஸ் மாறி, செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

ஏசுதாசன் கரையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. ஏழுமலை மட்டும் கல்யாணத்துக்கு வந்தவர்களை வரவேற்கிற மாதிரி, “குந்து சார், குந்தும்மா” என்று மரத்தைத் தட்டிக் காட்டினார். நாலு கட்டை, கட்டின கயிறு, அவ்வளவுதான் வாகனம். உட்கார்ந்ததுமே இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து புடவையை நனைத்தது. இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்து, பையைத் தலையில் வைத்துக்கொண்டார். நடுக் கழியில் ஒரு அலை வந்து தூக்கிப் போட்டது பாருங்கள், என் குலதெய்வம் உள்பட எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். ஏசுதாசன் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கரையில் இறங்கினதும் எங்களை விட்டுவிட்டு ஓடினார். நேரம் தப்பிவிடக் கூடாதாம். அளவைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் திரும்பி வந்தார். அதை இன்ஸ்பெக்டர் கவனித்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த மூச்சும் நிலைக்கவில்லை. மரத்தின் கயிற்றில் சிக்கியிருந்த மீன் செதிலை இன்ஸ்பெக்டர் விரலால் எடுத்தார். “இதுல மீன் பிடிக்கிறதுண்டா?” என்று கேட்டார். வேலைக்காகவே என்றால்தானே முழுக் கழிவு! இல்லை என்று சொல்லித் தொலையேன் ஐயா என்று ஏழுமலையைக் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல், உள்ளதை உள்ளபடி சொன்னார். “இன்னா சார் கேள்வி இது? கட்டுமரத்துல மீனு புடிக்காம மாடா மேய்ப்பாங்க? சாரு காலீல ஒரு வாட்டி, சாய்ந்தரம் ஒரு வாட்டி. நடூல நான் வலை வுட்டுகினு இருப்பேன். சும்மா கரையில கெடந்தா மரம் காஞ்சி வெடிச்சிப் பூடும். சாருக்கும் கொழம்புக்கு நாலு குடுப்பேன்.”

முடிந்தது, பொய் என்று எழுதப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏசுதாசன் நோட்டை நீட்டினார். “எல்லாம் எழுதியிருக்கேன் சார். மரம் எறங்கற ஒவ்வொரு தடவையும் எழுதச் சொன்னாங்க மேடம்.” இன்ஸ்பெக்டர் புரட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ‘காலை, அளவெடுக்க, போக வர. பகல், ஏழுமலை, மீனுக்கு. எனக்குக் கெளுத்தி நாலு. சாயங்காலம், அளவெடுக்க.’ முதல் பக்கத்திலிருந்தே இப்படித்தான், ஒரு நாள் விடாமல், நீலக் கைநாட்டோடு. மாசாமாசம் கைநாட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்த மகராசி நான், ஒரு வரியையும் படிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். அப்புறம் மணலிலேயே உட்கார்ந்து, ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: “என் சர்வீஸ்ல பங்களாவை மறைச்சவனைப் பாத்திருக்கேன், லாரியை மறைச்சவனைப் பாத்திருக்கேன், கெளுத்தி மீனைக் காட்டின ஆளை இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்.”

பாதி மரம்

உத்தரவு வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் தபால்காரர் வருகிற நேரத்தில் நான் சாப்பிடப் போகவில்லை. வந்தது. கட்டுமரம் வாகனமே. கோரிக்கையில் பொய் இல்லை. உத்தேசமாக வேலைக்கு ஓடினது பாதி, மீனுக்கு ஓடினது பாதி. ஆகவே பாதிச் செலவுக்கு மட்டும் கழிவு. மீதிக்கு உண்டான வரியைத் தவணையில் பிடிக்கவும். பொய் இல்லை என்ற வரியை மூன்று தடவை படித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் அழுதேன். சபாபதி சார் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

சேதி சொன்னபோது ஏசுதாசன் கும்பிட்டார். கூட வந்த ஏழுமலைக்குத்தான் மனசு ஆறவில்லை. பாதிக்குத்தான் கழிவு என்பதை நான் இரண்டு தடவை விளக்கியும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்: “பேஜாரு புடிச்ச சட்டமா கீதேம்மா. பாதி மரத்துல குந்திகினு எப்டி அக்கரைக்குப் போறது?”

கேள்வியில்லாத கழிவு

அடுத்த பட்ஜெட்டில் எல்லாம் தலைகீழாக மாறிற்று. இனிமேல் வேலைச் செலவு, வாகனம், புத்தகம் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டாம். சம்பளத்துக்குத் தக்கபடி எல்லாருக்கும் ஒரு தொகையைக் கழித்துவிட வேண்டியது. ரசீது வேண்டாம், நோட்டு வேண்டாம், கைநாட்டு வேண்டாம். மாடியே சிரித்தது. தேசிங்கு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, அதைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். சபாபதி சார் சீசன் டிக்கெட் மாலையைக் குப்பைக் கூடையில் போட்டார். அடுத்து வந்த பிப்ரவரியில் என் மேஜைக்கு ஒருத்தரும் வரவில்லை. அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தேன்.

ஏசுதாசன் மட்டும் வந்தார். நிரந்தரமாகிவிட்டார், அம்மாவுக்கு வயல் வேலையை நிறுத்தியாயிற்று என்று சொல்லி வாழைப்பழம் வைத்தார். அப்புறம் வழக்கம்போல நோட்டை எடுத்து நீட்டினார். இனிமேல் இது வேண்டாம் ஏசுதாசன், நீங்கள் கழியைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் கழிவு ஒன்றுதான் என்றேன். நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. “இங்க ஃபேனுக்கு எதிர்ல இருக்கறவங்களுக்கும் அதேதானா மேடம்?” என்றார். அதேதான் என்றேன். நோட்டின் அட்டையில் உப்பு பூத்திருந்தது. அதைக் கையால் தேய்த்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: “அப்ப நான் தெனமும் அக்கரைக்குப் போய்ட்டு வந்தேனான்னு இனிமே யாரு மேடம் கேப்பாங்க?”

ஆக, வேலைச் செலவில் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வழியாகப் புரிந்த வருஷம்தான், அது புரிய வேண்டிய அவசியமே இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆனாலும் நான் அந்த ஆபீஸை விட்டு வருகிறவரை மாசக் கடைசியில் கடப்பாக்கத்து நோட்டு என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருந்தது, நானும் கெளுத்தி மீன் வரை ஒரு வரி விடாமல் படித்து இனிஷியல் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.